மினி டிராக்டரின் முன் சக்கர ஹப் மாற்றப் போகிறீர்களா? வாங்கும் முன் இதைப் படியுங்கள்

மினி டிராக்டரின் முன் சக்கரம் லேசாக ஆடத் தொடங்கினால் போதும், "ஹப் போயிருச்சு, மாத்திடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். சொல்வது சுலபம். அந்த ஹப்பை, அதாவது சக்கரத்தை அச்சில் மாட்டிச் சுழல விடும் நடுப்பகுதியை, தேடி அலைவதுதான் பெரும்பாடு. டீலரிடம் கேட்டால் ஸ்டாக் இல்லை, ஆர்டர் போடணும் என்பார். ஸ்பேர்ஸ் கடையில் மாடல் பெயரைச் சொல்லி வாங்கி வந்தால் போல்ட் துளை சேராது. துளை சேர்ந்தால் பேரிங் உட்காராது. எங்கள் டிராக்டருக்கு இத்தனையும் நடந்தது, அதுவும் சேற்றுழவு நேரத்தில். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹப்பை டிராக்டர் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். அளவையும் பார்ட் நம்பரையும் சொல்லி வாங்குங்கள். ஒரே மாடலில்கூடத் தயாரித்த வருடத்தைப் பொறுத்து ஹப் மாறியிருக்கும்.

1. போனது ஹப்தானா என்று பாருங்கள்

பாதி நேரம் ஹப் நன்றாகவே இருக்கும். உள்ளே இருக்கும் பேரிங்தான் தேய்ந்திருக்கும், அல்லது கிங் பின் (ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரம் திரும்புவதற்கான செங்குத்து அச்சு) புஷ் போயிருக்கும்.

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, டயரின் மேல் பக்கம் ஒரு கை, கீழ்ப் பக்கம் ஒரு கை வைத்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். பக்கத்தில் இன்னொருவர் குனிந்து ஹப்புக்குப் பின்பக்கம் பார்க்க வேண்டும். ஹப் மட்டும் ஆடி, ஸ்டப் ஆக்சில் (ஹப் மாட்டியிருக்கும் குட்டை அச்சு) அசையாமல் நின்றால் கோளாறு பேரிங்கில். ஸ்டப் ஆக்சிலும் சேர்ந்தே ஆடினால் கிங் பின்னைப் பாருங்கள், ஹப்பைத் தொடவே வேண்டாம். அப்புறம் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று சத்தமோ, சுற்றும்போது இடையில் பிடிப்பதோ இருந்தால் பேரிங் போய்விட்டது.

ஹப்பையே மாற்ற வேண்டிய நிலை மூன்றே மூன்று. ஒன்று, பேரிங்கின் வெளி வளையம், அதாவது கப், ஹப்புக்குள் இறுக்கமாக நிற்காமல் சுழன்று அந்த இடத்தைத் தேய்த்துவிட்டது. பழைய கப்பைக் கழற்றும்போது தட்டாமலே கையோடு வந்தால் இதுதான். உள்பக்கம் வளையம் வளையமாகக் கீறலும் பளபளப்பும் தெரியும். இரண்டு, வீல் நட் லூஸாக இருந்தும் ஓட்டியதால் போல்ட் துளைகள் நீள்வட்டமாகிவிட்டன. மூன்று, விரிசல். ஹப்பை டீசலில் கழுவித் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடி தடவிச் சிறிது நேரம் வைத்தால் விரிசல் இருக்கும் கோட்டில் எண்ணெய் ஊறி வெளியே வரும்.

இந்த மூன்றும் இல்லையென்றால் பேரிங், சீல் மட்டும் போதும். அதில் செலவு பல மடங்கு குறையும்.

இன்னொன்று, பலரும் பார்க்காமல் விடுவது: ஸ்டப் ஆக்சிலில் உள் பேரிங் உட்காரும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது ஹப் போட்டாலும் சீக்கிரமே போய்விடும். ஸ்டப் ஆக்சிலையும் சேர்த்து மாற்றத் தயாராகுங்கள்.

2. டூ வீல் டிரைவா, ஃபோர் வீல் டிரைவா?

கீழே எழுதியிருப்பது பெரும்பாலும் டூ வீல் டிரைவ் மினி டிராக்டர்களுக்கு. இவற்றில் முன் ஹப் எளிமையானது. வார்ப்பு இரும்பில் ஒரு ஹப், உள்ளே ஒன்று வெளியே ஒன்று என இரண்டு பேரிங், பின்னால் ஆயில் சீல், முன்னால் காஸில் நட் (தலையில் பள்ளம் வெட்டிய நட்), அது கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின், கிரீஸ் மூடி. ஊர் மெக்கானிக்கே செய்துவிடலாம்.

குபோடா பி2441, மஹிந்திரா ஜீவோ 245 போன்ற ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் முன் சக்கரத்துக்கும் கியர் போகிறது. அங்கே ஹப் என்று நாம் சொல்வது கியர் கேஸோடும் ஷாஃப்டோடும் சேர்ந்த அமைப்பு. உள்ளே கியர் ஆயில் இருக்கும். கியர்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பதை மெல்லிய ஷிம் தகடுகள் வைத்துச் சரி செய்திருப்பார்கள். மரத்தடியில் வைத்துப் பிரித்தால் அந்த ஷிம் கணக்கு போய்விடும். டீலரின் சர்வீஸ் சென்டரில் கொடுப்பதே நல்லது. ஆனால் கொடுப்பதற்கு முன் ஒன்று பாருங்கள்: எண்ணெய்க் கசிவு மட்டும்தான் பிரச்சினை என்றால் பெரும்பாலும் சீல் மட்டும் கிழிந்திருக்கும். வாழைநார், நைலான் கயிறு, மல்ச்சிங் ஷீட் துண்டு எல்லாம் சக்கரத்துக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி இறுகி, சீலின் உதட்டை அறுத்துவிடும். வெளியே வரும் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அப்போது ஆயிலை முழுவதும் மாற்றி, உள் பேரிங்குகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

3. கையில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள்

ஆர்.சி. நகல், சேஸிஸ் நம்பர் தகட்டின் போட்டோ, வண்டி வாங்கிய பில், வாரண்டி புத்தகம். இவ்வளவுதான். ஆனால் சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யிலிருந்து கையால் எழுதிப் போகாதீர்கள், போட்டோ எடுத்துப் போங்கள். ஓர் எழுத்து மாறினாலும் டீலரின் கம்ப்யூட்டரில் வேறு வருடத்து வண்டியின் பார்ட் நம்பர் வந்து நிற்கும்.

வாரண்டி காலம் முடியவில்லை என்றால் வெளியில் ஹப்பைப் பிரிக்கவே வேண்டாம். பிரித்ததையே காரணமாகக் காட்டி மறுக்க வாய்ப்பு உண்டு. இலவச சர்வீஸ் கூப்பன்களில் முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள். பேரிங்கும் ஆயில் சீலும் தேயும் பொருட்கள் என்று வாரண்டியில் சேர்க்காமல் விடுவதும் வழக்கம். புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டே போங்கள். வண்டியை விடும்போது ஜாப் கார்டில் "முன் வலது சக்கரம் ஆட்டம், சத்தம்" என்று புகாரை எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள்.

வாரண்டி முடிந்துவிட்டதா? அப்படியென்றால் கழற்றிய பழைய ஹப், பழைய பேரிங் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வாருங்கள். அடுத்த முறை அளவு பார்க்க அவைதான் உதவும்.

4. அளவெடுப்பது

இதற்கு ஒரு வெர்னியர் காலிபர் வேண்டும். இல்லாவிட்டால் லேத் பட்டறையில் கேளுங்கள், அளந்து கொடுப்பார்கள். டேப்பை வைத்து அளக்க வேண்டாம்.

முதலில் போல்ட் வட்டம். கடைக்காரர்கள் பிசிடி என்பார்கள். நான்கு துளையோ ஆறு துளையோ என்றால் எதிரெதிரே இருக்கும் இரண்டு துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் முடிந்தது. ஐந்து துளை ஹப்பில்தான் எல்லோரும் குழம்புவார்கள், ஏனென்றால் நேர் எதிரே துளை இருக்காது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையத்துக்கு மையம் அளந்து, அதை 1.7 ஆல் பெருக்குங்கள். அடுத்தடுத்த துளை 67 மி.மீ. வந்தால் பிசிடி ஏறக்குறைய 114 மி.மீ.; 82 வந்தால் ஏறக்குறைய 139.5 மி.மீ. கடையில் 114.3, 139.7 என்று சொல்வது இவற்றைத்தான். மையத்தைக் கண்ணால் குறிப்பது கஷ்டம் என்றால், ஒரு துளையின் இடது ஓரத்திலிருந்து அடுத்த துளையின் இடது ஓரம் வரை அளந்தாலும் அதே அளவு வரும்.

அடுத்தது பேரிங். பழைய பேரிங்கைத் துடைத்தால் ஓரத்தில் எண் பொறித்திருக்கும். 30205 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை 5 ஆல் பெருக்குங்கள்: உள் விட்டம் 25 மி.மீ. 30206 என்றால் 30 மி.மீ., 30207 என்றால் 35 மி.மீ. இங்கே ஏமாறும் இடங்கள் சில இருக்கின்றன, கவனியுங்கள்.

30205-க்கும் 32205-க்கும் உள் விட்டம் 25, வெளி விட்டம் 52, இரண்டும் ஒன்றே. ஆனால் முதலாவது 16.25 மி.மீ. தடிமன், இரண்டாவது 19.25. மூன்று மி.மீ. தடிமன் கூடினால் நட் முழுதாக ஏறாது, ஸ்பிலிட் பின் துளையும் சேராது. "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று கடையில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

அங்குல அளவுப் பேரிங்குகளில் கோனுக்கு (ரோலர்களோடு இருக்கும் உள் வளையம்) ஓர் எண், கப்புக்கு வேறோர் எண். எல்44643 என்ற கோனின் உள் விட்டம் 25.4 மி.மீ. அது 25 மி.மீ. ஆக்சிலில் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும், சரியாகப் பொருந்திவிட்டது போலத் தோன்றும். அந்த 0.4 மி.மீ. இடைவெளியில் கோன் சுழன்று ஆக்சிலையே தின்றுவிடும். ஆக்சிலின் விட்டத்தைத் தனியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

சீலின் முகத்தில் 35×62×10 என்பது போல மூன்று எண் இருக்கும்: ஆக்சில் பக்க விட்டம், ஹப் பக்க விட்டம், தடிமன். இதையும் குறியுங்கள்.

கடைசியாக ஓர் அளவு, இதை அளப்பவர்கள் மிகக் குறைவு. சக்கரத்தின் டிஸ்க் (நடுத் தகடு) உட்காரும் முகத்திலிருந்து ஹப்பின் பின் விளிம்பு வரை எவ்வளவு தூரம்? ஹப்பை ஒரு கண்ணாடித் தளத்திலோ சமதளத்திலோ கவிழ்த்து வைத்து அளக்கலாம். இது மாறினால் துளை, பேரிங் எல்லாம் பொருந்தியும் சக்கரம் உள்ளே தள்ளி நிற்கும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது டயர் டை ராடில் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) உரசும். இரண்டு பக்கச் சக்கரமும் வெவ்வேறு தூரத்தில் நிற்கும்.

வீல் போல்ட்டின் புரியைச் சோதிக்கப் பழைய நட் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். கடையிலேயே புது போல்ட்டில் விரலால் சுற்றிப் பாருங்கள். இரண்டு புரி ஏறி இறுகினால் அது வேறு புரி. ஸ்பானர் போட்டு ஏற்றினால் ஏறும், ஏற்றக் கூடாது.

5. எங்கே வாங்குவது

டீலரிடம் வாங்கினால் விலை கூட, ஆனால் சேஸிஸ் நம்பரைப் போட்டுச் சரியான பார்ட் நம்பரை எடுக்க முடியும். வெளியில் வாங்குவதாக இருந்தாலும் அந்த நம்பரை மட்டுமாவது டீலரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பணம் கேட்டால் ரசீதில் பார்ட் நம்பரும் வரும் தேதியும் இருக்கட்டும்.

ஸ்பேர்ஸ் கடையில் கிடைப்பவை பல ராஜ்கோட், லூதியானா பக்கமிருந்து வரும் வார்ப்புகள். நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு. பழைய பேரிங் கப்பைக் கொண்டுபோய்ப் புது ஹப்பில் வைத்துப் பாருங்கள். கையால் அழுத்தியதும் உள்ளே இறங்கிவிட்டால் அந்த ஹப் வேண்டாம். விளிம்பில் நின்று, தட்டினால்தான் இறங்குவேன் என்று அடம்பிடிக்க வேண்டும். பேரிங் உட்காரும் இடத்திலும் போல்ட் துளையைச் சுற்றியும் ஊசித் துளைகள் தெரிந்தால் வார்ப்பில் காற்று தங்கியிருக்கிறது. மேலே அடித்த பெயிண்ட் இதை மறைக்கும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

ஆன்லைனில் வாங்குவதானால் படத்தை நம்ப வேண்டாம். பிசிடி, இரண்டு பேரிங் எண், முகத்திலிருந்து பின் விளிம்பு வரை தூரம் ஆகிய மூன்றையும் விற்பவரிடம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள்.

பழைய வண்டி உடைக்கும் கடையில் கம்பெனி ஹப் கிடைத்தால் அது மோசமான புது ஹப்பைவிட மேல். மேலே சொன்ன மூன்று கோளாறும் இல்லை என்று பார்த்து வாங்குங்கள்.

ஐந்தாவது வழி லேத். தேய்ந்த இடத்தைக் கடைந்து பெரிதாக்கி, உள்ளே ஓர் இரும்பு ஸ்லீவ் இறக்கி, பேரிங் அளவுக்குத் திரும்பக் கடைவது. நல்ல டர்னர் செய்தால் பல வருடம் ஓடும். இரண்டு பேரிங் இடத்தையும் ஒரே பிடிப்பில் கடையச் சொல்லுங்கள். தனித்தனியாகக் கழற்றி மாட்டிக் கடைந்தால் மையம் விலகிவிடும். சிலர் தேய்ந்த இடத்தில் சென்டர் பஞ்சால் புள்ளி புள்ளியாகக் குத்தி, கப்பை இறுக்கமாக்கித் தருவார்கள். அன்றைய வேலையை முடிக்க உதவும், அதற்கு மேல் நம்பாதீர்கள்.

பேரிங் மட்டும் எங்கே வாங்கினாலும் பெயருள்ள பிராண்டாக, பில்லோடு வாங்குங்கள். போலிகள் நிறைய. எஸ்கேஎஃப் வாங்குகிறீர்கள் என்றால் அந்த நிறுவனத்தின் ஆதென்டிகேட் செயலியில் போட்டோ அனுப்பிச் சரிபார்க்கலாம்.

6. செலவுக் கணக்கு

டூ வீல் டிரைவில் பேரிங், சீல், கிரீஸ் மட்டும் என்றால் ஒரு பக்கத்துக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சத்தில் முடித்துவிடலாம். ஹப்பும் சேர்ந்தால் சில ஆயிரம். ஃபோர் வீல் டிரைவில் கியர் கேஸ் வேலை என்றால் எழுத்தில் எஸ்டிமேட் வாங்காமல் "பிரிச்சுப் பாருங்க" என்று சொல்லவே சொல்லாதீர்கள். பிரித்த பிறகு பேரம் பேச முடியாது.

பலரும் கணக்கில் சேர்க்காதவை: புது வீல் போல்ட், நட், ஸ்பிலிட் பின், கிரீஸ் மூடி, லேத் கூலி, வண்டியை ஏற்றிப் போகும் வாடகை. வீல் போல்ட்டோடு வரும் ஹப்பா, போல்ட் தனி விலையா என்று விலை கேட்கும்போதே கேளுங்கள்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. அதனால் டிராக்டருக்குப் போடும் எல்லாப் பொருளுக்கும் 5 சதவீதம் என்று அர்த்தமில்லை, பொருளுக்குப் பொருள் மாறும். பில்லில் எச்எஸ்என் எண்ணும் (வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்) வரி விகிதமும் தனித்தனியாக இருக்க வேண்டும். பில்லின் மேலேயே "பொருத்தும் முன் அளவு சேராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும்" என்று எழுதி வாங்குங்கள். கடைக்காரர் வாய்ச்சொல்லில் "கொண்டாங்க, மாத்தித் தரேன்" என்பது மறுநாள் செல்லாது. பில் இருந்தால், தகராறு வந்தாலும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

7. எப்போது செய்வது

வேலை இல்லாத கோடையில். டெல்டாவில் குறுவைக்கு மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதன் பிறகு மெக்கானிக்கும் கிடைக்க மாட்டார், டீலரிடம் பொருளும் கிடைக்காது. ஏப்ரல், மே மாதத்திலேயே இரண்டு முன் சக்கரத்தையும் தூக்கி ஆட்டிப் பார்த்துவிடுங்கள். குஜராத்திலிருந்து வர வேண்டிய பொருள் என்றால் தீபாவளியை ஒட்டி ஆர்டர் போடாதீர்கள். அங்கே தீபாவளி முடிந்து லாப பஞ்சமி வரை பல கடைகள் திறப்பதில்லை.

டிராக்டர் கழன்று நிற்கும் நாட்களில் வேலை நிற்கக் கூடாது என்றால், வேளாண் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரை உழவன் செயலி வழியாக முன்பதிவு செய்யலாம். ஹப்பைக் கழற்றிய பிறகு பதிவு செய்வதைவிட, கழற்றுவதற்கு முன்பே செய்யுங்கள்.

சரியான பொருள் கைக்கு வந்த பிறகுதான் வண்டியைப் பிரிக்க வேண்டும். அளவெடுக்கப் பிரித்தால், பழையதையே கிரீஸ் வைத்துத் திரும்ப மாட்டி நிழலில் நிறுத்துங்கள்.

8. பொருத்தும் நாள்

மினி டிராக்டரின் முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் ஊஞ்சலாடும். ஒரு பக்கம் ஜாக்கி கொடுத்தால் வண்டி மறுபக்கம் சாயப் பார்க்கும். ஆக்சிலுக்கும் முன் சட்டத்துக்கும் இடையே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்துவிடுங்கள். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, பார்க்கிங் பிரேக், தரை கெட்டியாக இருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள். ஆக்சிலுக்குக் கீழே கனமான மரக்கட்டையோ ஸ்டாண்டோ நிற்கட்டும்.

பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள், முக்கியமாகச் சீலின் எந்த முகம் உள்ளே பார்க்கிறது என்பதை. ஆக்சிலை டீசலில் கழுவித் துணியால் துடைத்து உலர விடுங்கள். பேரிங்கை ஏர் அடித்துச் சுழற்றிக் காய வைப்பது ஆபத்து, ரோலர் தெறிக்கும்.

கப்பை இறக்கும்போது சுத்தியலை நேராக அதன் மேல் வைக்காதீர்கள். பழைய கப்பின் வெளி விளிம்பைக் கொஞ்சம் கிரைண்ட் செய்து, அதைப் புது கப் மேல் வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். அடியில் உட்கார்ந்ததும் தட்டும் சத்தம் மாறும். புது கோனோடு பழைய கப்பைச் சேர்க்கவே கூடாது.

கிரீஸை மேலே பூசினால் போதாது. உள்ளங்கையில் லித்தியம் கிரீஸை வைத்து, கோனின் பெரிய பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, சின்னப் பக்கம் ரோலர்களுக்கு இடையில் கிரீஸ் பிதுங்கி வரும் வரை ஏற்றுங்கள். ஹப்பின் உள்வெளியில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கிரீஸ் போதும். முழுக்க அடைத்தால் சூடேறி சீலைத் தள்ளும். பழைய மஞ்சள் கிரீஸோடு புதியதைக் கலக்க வேண்டாம்.

காஸில் நட்டை இறுக்குவதில்தான் பல புது ஹப்புகள் கெட்டுப்போகின்றன. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள், சுற்றுவது கனக்கும் வரை. அப்போதுதான் ரோலர்கள் இடத்தில் அமரும். பிறகு நட்டை முழுதாகத் தளர்த்தி, விரலால் மட்டும் திரும்ப இறுக்குங்கள். ஸ்பிலிட் பின் துளை சேரவில்லை என்றால் அடுத்த பள்ளம் வரை தளர்த்துங்கள். துளைக்காக மேலும் இறுக்கக் கூடாது. உங்கள் வண்டியின் கையேட்டில் டார்க் அளவு கொடுத்திருந்தால் அதன்படியே செய்யுங்கள். ஸ்பிலிட் பின் எப்போதும் புதியது. வீல் நட்டுகளை வரிசையாக இல்லாமல் எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

9. முதல் வாரம்

முதல் முறை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஹப்பைக் கையால் தொடுங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் நட் அதிகம் இறுகியிருக்கிறது. அப்படியே ஓட்டாமல் தளர்த்துங்கள். முதல் நாள் வேலை முடிந்ததும் வீல் நட்டுகளைத் திரும்ப இறுக்குங்கள், வார முடிவில் இன்னொரு முறை. சக்கரத்தைத் தூக்கி ஆட்டமும் பாருங்கள், கப் கொஞ்சம் அமர்ந்து லேசாக ஆட்டம் வந்திருக்கலாம்.

சேற்றுழவுக்குப் பிறகு சக்கரத்தின் பின்பக்கம் சுற்றிய நாரையும் கயிற்றையும் அன்றன்றைக்கே அறுத்து எடுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைச் சீலுக்கு நேராகப் பிடிக்க வேண்டாம்.

அளவுகள், பேரிங் எண்கள், சீல் எண், பார்ட் நம்பர், வாங்கிய தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஆர்.சி. கவருக்குள் வைத்துவிடுங்கள். ஒரு செட் பேரிங், இரண்டு சீல் கூடுதலாக வாங்கி வீட்டில் வைத்திருங்கள். பிரிக்காத பேக்கிங்கிலேயே, ஈரம் படாத இடத்தில்.